மூன்றாண்டு ஞாபகம் உள்ள அணிக்கு வரலாறு எழுதுவது எப்படி?

பிரிட்டனில் முதுகலை படிக்கப் போன ஆண்டில், விளையாட்டின் பெயரைத் தவிர வேறொன்றும் தெரியாமல் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியில் சேர்ந்தேன். புதுமுக மாணவர் வாரத்தில் ஒரு மேஜைக்குப் பின்னால் நின்றிருந்த ஆஜானுபாகுவான ஒருவர் ஹெல்மெட்டை நீட்டி, போட்டுப் பார் என்றார். போட்டேன். கழற்றத் தெரியவில்லை. அவரே கழற்றிவிட்டார், கையோடு என் பெயரையும் எழுதிக்கொண்டார். பந்து பிடிக்க எனக்குக் கை வராது என்பது ஜனவரிக்குள் அணி முழுவதற்கும் தெரிந்துவிட்டது. கூட்டக் குறிப்பு எழுத மட்டும் வந்தது. அப்படித்தான் செயலாளர் பொறுப்பு வந்தது. அணியின் வரலாற்றையும் கொஞ்சம் எழுதிவிடு என்ற வேலை அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

அதுவரை கைவசம் இருந்த வரலாறு மூன்று வரிதான். 1980களில் தொடங்கியது. பல வெற்றிகளைக் கண்டது. ஒருமுறை ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில், 1–0 என்று, வீரத்தோடு போராடித் தோற்றது. ஒவ்வொரு ஆண்டும் புதியவர்களுக்கு இந்த மூன்றாவது வரியைத்தான் உணர்ச்சியோடு சொல்வார்கள். அந்த 1–0 என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பது பிறகு.

இதே வேலை உங்கள் தலையில் விழுந்திருந்தால் முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இங்கிலாந்தில் இளங்கலை மாணவர் மூன்று ஆண்டு இருப்பார், ஸ்காட்லாந்தில் நான்கு. நம்மைப் போல் முதுகலைக்கு வருபவர் ஒரே ஆண்டு. நிர்வாகக் குழுவோ ஆண்டுதோறும் மாறும். நம் ஊர்க் கோயிலுக்குத் தல வரலாறு சொல்லப் பரம்பரையாக ஒரு பூசாரியாவது இருப்பார். இங்கே பூசாரியே மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஊரைவிட்டுப் போய்விடுகிறார். ஆகவே அணிக்குள் யாரைக் கேட்டாலும் கிடைப்பது நேற்றைய கதை மட்டுமே.

முதலில் நாட்டின் கதையை ஒரு தாளில் எழுதுங்கள்

உங்கள் அணியைத் தொடுவதற்கு முன்னால், பிரிட்டனில் இந்த ஆட்டம் எப்படி வேர்விட்டது என்பதை ஒரே தாளில் ஆண்டு வரிசையாக எழுதி மேஜைக்கு மேலே ஒட்டிக்கொள்ளுங்கள். பின்னால் கேட்கப்போகும் கதைகளை உரசிப் பார்க்க இதுதான் உரைகல்.

என் தாளில் இருந்தது இது. 1982 நவம்பரில் சேனல் 4 தொலைக்காட்சி தொடங்கியது. வந்த கையோடு அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். ஆட்டங்களை ஞாயிறு மாலைகளில் தொகுத்துக் காட்டியது. அதற்கு முன்பும் பிரிட்டனில் இருந்த அமெரிக்கப் படைத்தளங்களில் வீரர்கள் தங்களுக்குள் ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் வெளியே இருந்த பையன்களுக்கு ஆசை மூட்டியது தொலைக்காட்சி. 1983 ஜூலை 16 அன்று லண்டன் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் மைதானத்தில், முழுக் கவசம் அணிந்த இரண்டு பிரிட்டிஷ் அணிகள் மோதின. லண்டன் ரேவன்ஸ் 8–0 என்று நார்த்விக் பார்க் அணியை வென்றது. அடுத்த மாதமே லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில் என்.எஃப்.எல். அணிகளான மின்னசோட்டா வைக்கிங்ஸும் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸும் ஆடின. 1986 ஆகஸ்ட் 3 அன்று அதே வெம்ப்ளியில் சிகாகோ பேர்ஸ் 17–6 என்று டாலஸ் கவ்பாய்ஸை வென்றபோது 82,000 பேருக்கு மேல் பார்த்தார்கள். 'ஃபிரிட்ஜ்' என்று செல்லப்பெயர் பெற்ற வில்லியம் பெர்ரி அந்த பேர்ஸ் அணியில் 72ஆம் எண் சட்டை அணிந்தவர். 1980களின் இறுதியில் எடுத்த உங்கள் அணிப் படத்தில் இருப்பவர்களிலேயே பருமனானவர் 72 போட்டிருந்தால் காரணம் தேடி அலைய வேண்டாம்.

பல்கலைக்கழக அணிகள் முளைத்ததும் இந்த அலையில்தான். 1980களின் நடுப்பகுதியில் மாணவர்கள் தாங்களே அணி சேர்த்து, தாங்களே ஒரு கல்லூரி லீகையும் அமைத்துக்கொண்டார்கள். பி.சி.ஏ.எஃப்.எல். என்ற எழுத்துகளோடு பழைய தாள்களில் வருவது அதுதான். 1991இல் லண்டன் மொனார்க்ஸ் வெம்ப்ளியில் 21–0 என்று பார்சிலோனா டிராகன்ஸை வென்று என்.எஃப்.எல். ஆதரவோடு ஐரோப்பிய அணிகளும் ஆடிய லீகின் முதல் வேர்ல்டு பவுல் கோப்பையைப் பெற்றது. 1996இல் எடின்பரோவின் மர்ரேஃபீல்டில் ஸ்காட்டிஷ் கிளேமோர்ஸ் 32–27 என்று ஃபிராங்க்ஃபர்ட்டை வென்று அதே கோப்பையைப் பெற்றது. 2007இல் அந்த ஐரோப்பிய லீக் மூடப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 28 அன்று நியூயார்க் ஜயன்ட்ஸ் 13–10 என்று மயாமி டால்ஃபின்ஸை வென்ற ஆட்டத்தோடு, என்.எஃப்.எல். தன் முறையான பருவ ஆட்டங்களை வெம்ப்ளிக்குக் கொண்டுவரத் தொடங்கியது. அந்தக் காலகட்டத்தில் மாணவர் லீகும் பி.யு.ஏ.எஃப்.எல். என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2012இல் பல்கலைக்கழக விளையாட்டுகளை எல்லாம் நடத்தும் பக்ஸ் அமைப்பின் கீழ் வந்தது.

இந்தக் கடைசி மாற்றத்தைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். ரக்பி, ஹாக்கி அணிகள் வென்றால் பல்கலைக்கழகத்துக்குத் தேசியப் பட்டியலில் புள்ளி கிடைக்கும். விளையாட்டுத் துறை அவற்றை மடியில் வைத்துக்கொள்ளும். தனி லீகில் ஆடிய அமெரிக்கக் கால்பந்துக்காரர்கள் அதுவரை, கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிடாத உறவினர் மாதிரி. பக்ஸ் வந்த பிறகுதான் அவர்களுக்கும் இலை போட்டார்கள். 2012க்கு முந்தைய பழைய வீரர்களின் பேச்சில் கொஞ்சம் கசப்பு தட்டுவது இதனால்தான்.

பல்கலைக்கழகத்தின் பழைய பெயரைக் கண்டுபிடியுங்கள்

நான் இரண்டு வாரம் வீணாக்கிய இடம் இது. 1989, 1990 என்று பழைய பத்திரிகைகளில் எங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடினால் ஒன்றுமே வரவில்லை. வராதுதான். அப்போது அந்தப் பெயரில் பல்கலைக்கழகமே இல்லை.

1992இல் வந்த சட்டத்துக்குப் பிறகுதான் பிரிட்டனின் பாலிடெக்னிக்குகள் பல்கலைக்கழகங்கள் ஆயின. ஹாட்ஃபீல்டு பாலிடெக்னிக் ஹெர்ட்ஃபோர்டுஷர் பல்கலைக்கழகம் ஆனது. லெஸ்டர் பாலிடெக்னிக் டி மான்ட்ஃபோர்ட் ஆனது. பிரிஸ்டல் பாலிடெக்னிக் 'வெஸ்ட் ஆஃப் இங்கிலாந்து' என்ற பெயரை எடுத்துக்கொண்டது. ஷெஃபீல்டு நகரப் பாலிடெக்னிக் ஷெஃபீல்டு ஹாலம் ஆனது. சில இடங்களில் பிறகும் மாற்றம்: மான்செஸ்டரில் யூமிஸ்ட் என்ற தனி நிறுவனம் 2004இல் பெரிய பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. ஒரே நகரத்தின் இரண்டு கல்வி நிறுவனங்களிலிருந்து ஆட்களைச் சேர்த்து ஓர் அணி ஆடி, பிற்பாடு பாகப்பிரிவினை நடந்த குடும்பம் போல இரண்டாகப் பிரிந்திருக்கவும் கூடும். அப்போது இருவருமே மூத்த மகன் நான்தான் என்பார்கள்.

அணியின் செல்லப்பெயரும் மாறியிருக்கலாம். பர்மிங்ஹாம் லயன்ஸ், கிளாஸ்கோ டைகர்ஸ், ஹல் ஷார்க்ஸ், ஸ்டர்லிங் கிளான்ஸ்மென், சவுத்தாம்டன் ஸ்டாக்ஸ், கேம்பிரிட்ஜ் பைத்தான்ஸ் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விலங்கோ வீரனோ உண்டு. நகரத்தில் பல்கலைக்கழகம் சாராத மூத்தோர் அணி ஒன்றும் இருந்திருக்கும். அதன் பெயரும் ஒரு விலங்காகவே இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க, நோட்டின் முதல் பக்கத்தில் மூன்று நெடுவரிசை போடுங்கள்: ஆண்டு, நிறுவனத்தின் பெயர், அணியின் பெயர். தேடும்போதெல்லாம் அந்தந்த ஆண்டின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். பழைய பத்திரிகைகள் இந்த ஆட்டத்தை 'கிரிட்அயர்ன்' (gridiron) என்றும் எழுதும். அந்தச் சொல்லையும் விட்டுவிடாதீர்கள்.

ஆண்டா, பருவமா?

பல்கலைக்கழக ஆட்டங்கள் இலையுதிர் காலத்தில் தொடங்கிக் குளிர்காலம் முழுக்க நடக்கும். மே மாதம் தேர்வு வருவதற்குள் முடித்தாக வேண்டும். ஆகவே ஒரு பருவம் இரண்டு ஆண்டுகளில் கால் வைக்கிறது. "94இல் நாங்கள் கால் இறுதிக்குப் போனோம்" என்று ஒருவர் சொன்னால் அது 1993–94ஆ, 1994–95ஆ? இரண்டு ஆண்டையும் சேர்த்தே எழுதும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள்.

மூத்தோர் லீக் கோடையில் நடக்கிறது. பல மாணவர்கள் குளிர்காலத்தில் பல்கலைக்கழகத்துக்கும் கோடையில் நகர அணிக்கும் ஆடுவார்கள். அதனால் புகைப்படம் கையில் வந்தால் முகங்களைப் பார்க்கும் முன் புல்லைப் பாருங்கள். பச்சைப் புல், அரைக்கைச் சட்டையில் பார்வையாளர்கள் என்றால் சந்தேகப்படுங்கள். முழங்கால் வரை சேறு, வாயில் புகையாய் மூச்சு என்றால் நம் ஆட்டமாக இருக்க வாய்ப்பு அதிகம். கோல் கம்பம் அமெரிக்கப் பாணியில் ஒற்றைக் காலில் நிற்காமல் இரண்டு காலில் நின்றால் வியக்க வேண்டாம். அது ரக்பி மைதானம். அங்கேதான் நமக்கு இடம் கொடுப்பார்கள், அதுவும் ரக்பிக்காரர்களுக்குத் தேவைப்படாத ஞாயிற்றுக்கிழமையில்.

மாணவர் பத்திரிகை: படிப்பதற்கும் ஒரு முறை உண்டு

பழைய பல்கலைக்கழகங்களில் மாணவர்களே நடத்தும் பத்திரிகை இருக்கும். இம்பீரியல் கல்லூரியின் ஃபெலிக்ஸ் 1949 முதல் வருகிறது. அதன் பழைய இதழ்களை இணையத்திலேயே புரட்டலாம். டர்ஹாமுக்குப் பாலட்டினேட், பர்மிங்ஹாமுக்கு ரெட்பிரிக், கார்டிஃபுக்கு கைர் ரித். உங்கள் பல்கலைக்கழகப் பத்திரிகை இணையத்தில் இல்லையென்றால் நூலகத்தின் சிறப்புத் தொகுப்புப் பிரிவில் தைத்துக் கட்டிய தொகுதிகளாக இருக்கும். முன்கூட்டி மின்னஞ்சல் அனுப்பி நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். பேனா அனுமதி இல்லை, பென்சில் கொண்டுபோங்கள்.

இணையத்தில் இருந்தாலும் தேடுபெட்டியை மட்டும் நம்பாதீர்கள். பழைய அச்சை மென்பொருள் தப்பும் தவறுமாகப் படித்து வைத்திருக்கும். அக்டோபர் முதல் மார்ச் வரையிலான இதழ்களின் கடைசி நான்கு பக்கங்களைக் கண்ணால் புரட்டுவதுதான் வழி. ஒரு கல்வியாண்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும்.

எதிரணியின் பத்திரிகையையும் பாருங்கள். இது யாரும் சொல்லிக்கொடுக்காமல் நானாகக் கற்றது. ஒரே ஆட்டத்தைப் பற்றி இரண்டு ஊர்ப் பத்திரிகையிலும் படித்தேன். தோற்ற ஊர் முதல் பத்தி முழுக்க மழையைப் பற்றி எழுதியிருந்தது. வென்ற ஊர்ப் பத்திரிகையில் மழையே பெய்யவில்லை. ஆட்டக் குறிப்பைப் பெரும்பாலும் எழுதியவர் அந்த அணியின் வீரரேதான் என்பதை மறக்க வேண்டாம்.

செய்தியைவிட நம்பகமானது கணக்கு. மாணவர் ஒன்றியத்தில் பழைய நிதிநிலைத் தாள்கள், கூட்டக் குறிப்புகள், விளையாட்டுக் கையேடுகள் ஏதாவது அலமாரியில் கிடக்கும். நடுவர் கட்டணம், முதலுதவிக் குழுவின் கட்டணம், மினி பஸ் வாடகை, ஹெல்மெட் என்று வரி வரியாக இருக்கும். எத்தனை முறை வெளியூர் போனார்கள், எந்த ஆண்டு காசில்லாமல் தவித்தார்கள் என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். வரலாற்றில் வராத பொருளாளர்கள்தான் அணியைக் காப்பாற்றியவர்கள் என்ற முடிவுக்கு அங்கேதான் வந்தேன்.

கவச அறைக்குள் ஒரு பிற்பகல்

எல்லா அணிக்கும் ஒரு கொட்டகை இருக்கும். நனைந்த தோல், வியர்வை, பழைய பிளாஸ்டிக் மூன்றும் சேர்ந்த அந்த வாசனைக்குத் தமிழில் மட்டுமல்ல, எந்த மொழியிலும் சொல் இருக்காது. கையுறை போட்டுக்கொண்டு உள்ளே போங்கள்.

ஹெல்மெட்டைத் திருப்பி உள்ளே பாருங்கள். தயாரித்த நிறுவனத்தின் ஒட்டுச்சீட்டும், மறுசீரமைப்புச் செய்த ஆண்டும் இருக்கலாம். ஆனால் அவசரப்பட்டு அந்த ஆண்டை அணியின் ஆண்டாக எழுதிவிடாதீர்கள். மாணவர் அணிகள் அமெரிக்காவிலிருந்து பழைய ஹெல்மெட்டுகளை மலிவாக வாங்குவது உண்டு. எங்கள் ஹெல்மெட் ஒன்றின் உட்புறத்தில் யாரோ ஒரு பையனின் பெயர், பேனாவால் எழுதி, வியர்வையில் பாதி கரைந்திருந்தது. எங்கள் பட்டியல் எதிலும் அந்தப் பெயர் இல்லை. ஏதோ அமெரிக்கப் பள்ளியில் ஆடியவனாக இருக்க வேண்டும்.

சட்டைகளில்தான் எனக்குப் புதையல் கிடைத்தது. மூட்டையின் அடியில் நீலச் சட்டை ஒன்று, மார்பில் பல்கலைக்கழகத்தின் பெயர் தைத்தது. பெயரின் ஓரத்தில் துணி கொஞ்சம் சுருங்கியிருந்தது. ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடித்தேன். தைத்திருந்த எழுத்துகளுக்கு நடுவே வரிசையாக ஊசித் துளைகள் தெரிந்தன. யாரோ பொறுமையாக நூலைப் பிரித்து எடுத்திருக்கிறார்கள். துளைகளை விரலால் தொடர்ந்து போனால் ஒரு வளைவு, ஒரு வட்டம், ஒரு நேர்கோடு: பாலிடெக்னிக்கைச் சுருக்கிய 'பாலி' என்பதன் ஆங்கில எழுத்துகள். 1992இல் புதுச் சட்டை வாங்கக் காசில்லாமல், பழைய பெயரைப் பிரித்துவிட்டு அதே சட்டையில் புதுப் பெயரைத் தைத்திருக்கிறார்கள். அணி பல்கலைக்கழகத்துக்கு முந்தையது என்பதற்கு எந்த ஆவணத்தையும்விட அந்தத் துளைகள் போதும். இப்படி எதைக் கண்டாலும் அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, இருபுறமும் படம் எடுங்கள். துவைக்கக் கொடுத்துவிடாதீர்கள்.

ஸ்கோர் பொய் சொல்லுமா?

சொல்லும். ஆனால் இந்த ஆட்டத்தின் எண்களுக்குள் ஓர் இலக்கணம் இருப்பதால் பிடித்துவிடலாம். பந்தை எதிரணியின் கடைசி எல்லைக்குள் கொண்டுபோவது டச்டவுன், அதற்கு 6 புள்ளி. அதன்பின் கூடுதலாக 1 அல்லது 2. பந்தைக் கோல் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது ஃபீல்டு கோல், அதற்கு 3. பந்து வைத்திருக்கும் எதிராளியை அவர்களுடைய கடைசி எல்லைக்குள்ளேயே மடக்கினால் 2. அதைச் சேஃப்டி என்பார்கள். ஆகவே முன்னே சொன்ன ரேவன்ஸின் 8–0, ஒரு டச்டவுனும் மேலே 2 புள்ளியும் என்று படிக்கலாம். 2–0 என்பது அபூர்வம், ஆனால் நடக்கக்கூடியது.

1–0 நடக்கவே முடியாது. தனியாக ஒரு புள்ளி மட்டும் எடுத்து ஆட்டத்தை வெல்ல விதியில் வழியே இல்லை.

இது எனக்கு உறைத்த இரவில் எங்கள் அணியின் வீரப் போராட்டம் கண் முன்னே கரைந்தது. பிரிட்டனின் விதிகள் அமெரிக்கக் கல்லூரி விதிப்புத்தகத்தை ஒட்டி எழுதப்பட்டவை. ஓர் அணி ஆட வரவில்லை, அல்லது ஆட மறுக்கிறது என்றால் ஆட்டத்தை எதிரணிக்கு விட்டுக்கொடுத்ததாக அறிவித்து 1–0 என்று பதிவதுதான் அந்தப் புத்தகத்தின் வழக்கம். அதாவது பத்தாண்டுகளுக்கு மேலாகப் புதியவர்களின் கண்ணில் நீர் வரவழைத்த அந்தப் புகழ்பெற்ற ஆட்டம், நடக்கவே இல்லை.

உங்கள் அணியின் பழைய முடிவுகளில் 1–0 இருந்தால் அதைச் சிவப்பால் வட்டமிடுங்கள். ஆள் போதவில்லையா, பனி மூடிச் சாலை அடைத்ததா, சண்டையா? அணியின் உண்மையான நிலைமை அந்த வட்டத்துக்குள்தான் இருக்கும்.

பழையவர்களைக் கூப்பிடுங்கள்; கேள்வியைப் பார்த்துக் கேளுங்கள்

பழைய மாணவர் அலுவலகம் உங்கள் சார்பில் மின்னஞ்சல் அனுப்பும். முகவரியை உங்களிடம் தராது, தரவும் கூடாது. பல அணிகள் ஆண்டுக்கு ஒருமுறை பழைய வீரர்களை அழைத்து இன்றைய அணியோடு ஒரு நட்பு ஆட்டம் வைக்கும். அன்றைக்கு மைதான ஓரத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்தான் உங்களுக்கு வேண்டியவர். அவருக்கு நேரம் இருக்கிறது, எங்கும் ஓடவும் மாட்டார்.

"அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்று கேட்டால் "அருமை" என்பார். அங்கேயே முடிந்துவிடும். பொருளைக் கேளுங்கள். பயிற்சி மைதானத்தில் விளக்கு இருந்ததா? கவசத்துக்கு எவ்வளவு கட்டினீர்கள்? பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் யார், அவருக்கு முன்னால் யார்? மினி பஸ்ஸை யார் ஓட்டினார்கள்?

இந்தக் கடைசிக் கேள்வியை எல்லோரிடமும் கேளுங்கள். 1997 ஜனவரி 1க்குப் பிறகு கார் உரிமம் பெற்றவர்களுக்கு மினி பஸ் ஓட்டும் உரிமை தானாகக் கிடையாது. அதற்கு முன்பு 21 வயது நிறைந்தவர் சாதாரண உரிமத்தோடு ஓட்டலாம். மாணவர் அணியில் 21 வயதைத் தாண்டியவர், உரிமம் உள்ளவர், காலை ஆறு மணிக்கு எழுந்திருப்பவர் என்ற மூன்றும் பொருந்தியவர் ஒருவரோ இருவரோதான். அணியின் உண்மையான தலைவர் அவர்தான்.

1990களின் தொடக்கத்தில் தற்காப்பு வரிசையில் ஆடிய ஒருவர் தொலைபேசியில் கிடைத்தார். அந்த 1–0 ஆட்டத்தைப் பற்றிக் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சிரிப்பு.

"ஓட்டுநருக்குக் காய்ச்சல்," என்றார். "பதினாறு பேர் கவசத்தோடு வாசலில் நின்றோம். பஸ் நின்றது, சாவி இருந்தது, ஓட்ட வயதுள்ள ஆள் இல்லை. மதியம் வரை நின்றுவிட்டுப் போய்ச் சாப்பிட்டோம்."

"வீரப் போராட்டம் என்று சொல்கிறார்களே?"

"அப்படிச் சொன்னால்தானே அடுத்த ஆண்டு ஆள் சேரும்?"

பேசியவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். காயம், ஒழுங்கு நடவடிக்கை, யார் யாருக்குக் காசு பாக்கி என்பவை சுவையாகத்தான் இருக்கும். ஆனால் அவை மற்றவர்களின் வாழ்க்கை. பிரிட்டனின் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் கடுமையானது. பெயரில்லாமல் எழுதலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இணையத்தின் இடுகாடு

2000களின் கதை 1980களின் கதையைவிடச் சீக்கிரம் அழிந்துவிட்டது. கேட்க விந்தையாக இருக்கும். காகிதம் எங்கேயோ அலமாரியில் தப்பிவிட்டது. லீக் பெயர் மாறியபோது பழைய இணையதளங்களோடு ஆட்ட முடிவுகளும் போய்விட்டன. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் பழைய தள முகவரியைப் போட்டுப் பாருங்கள். முகப்பு இல்லாவிட்டாலும் உட்பக்கம் கிடைக்கலாம். கிடைத்ததை உடனே சேமித்துக்கொள்ளுங்கள். முன்னாள் வீரர்களின் பழைய முகநூல் ஆல்பங்களும் உதவும்; ஆனால் பதிவேற்றிய தேதி ஆட்டம் நடந்த தேதி அல்ல.

2020 மார்ச்சில் கொரோனாவால் பருவம் பாதியில் நின்றது. 2020–21இல் லீக் நடக்கவில்லை. அந்த ஆண்டுக்கு எழுத ஒன்றுமில்லை என்று தாண்டிவிடாதீர்கள். முந்தியவர் பிந்தியவருக்குக் கற்றுத்தருவதில்தான் மாணவர் அணி நிற்கிறது. மூன்றில் ஒரு பங்கு ஞாபகம் அந்த ஓராண்டில் போனது. கவச அறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்றே தெரியாமல் அடுத்த குழு தொடங்கிய கதைகளை நீங்களே கேட்பீர்கள்.

இனி எழுதலாம்

ஆண்டு வாரியாக ஒரு நீளப் பட்டியலை முதலில் போட்டுவிடுங்கள்: பருவம், லீக், பெயர், முடிவுகள், ஆதாரம். ஆதாரம் இல்லாத இடத்தை வெறுமையாகவே விடுங்கள். நிரப்பத் தோன்றும், நிரப்பாதீர்கள். எங்கள் மூன்று வரி வரலாறு அப்படி நிரப்பப்பட்டதுதான்.

கட்டுரையைப் பட்டியலிலிருந்து தனியாக எழுதுங்கள். ஒரு ஆட்டத்தில்கூட வெல்லாத பருவத்துக்கு, கோப்பை வென்ற பருவத்தைவிட அதிக இடம் கொடுத்தேன். தோற்றுக்கொண்டே இருக்கும் அணிக்கு ஞாயிறு காலை, மழையில், சொந்தக் காசில் ஏன் வந்தார்கள் என்பதில்தான் எனக்குச் சுவாரசியம். அணியில் ஆடிய பெண்களைக் குறிப்புகளில் தேடிப் பிடித்துச் சேருங்கள். ஆட்டக் குறிப்புகள் அவர்களை வேடிக்கையாக ஒரு வரியில் தாண்டிப்போயிருக்கும். கவசமில்லாமல் இடுப்புக் கொடியைப் பறித்து ஆடும் ஃபிளாக் ஆட்டம் 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் சேர்ந்துவிட்டது. அதனால் அடுத்த செயலாளருக்கு எழுத இன்னொரு அத்தியாயமும் காத்திருக்கிறது.

முடித்ததும் மூன்று பிரதி: ஒன்று அணியின் பொதுச் சேமிப்பில், ஒன்று மாணவர் ஒன்றியத்தில், ஒன்று நூலகத்தின் சிறப்புத் தொகுப்புக்கு. மூன்றாவதுதான் முக்கியம். முதல் இரண்டின் கடவுச்சொல்லும் இரண்டு ஆண்டில் தொலைந்துவிடும். நூலகர் நீலச் சட்டையையும் கேட்டு வாங்கி, அமிலமில்லாத தாளில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

என் வரைவை நிர்வாகக் குழு படித்தது. ஒரே ஓர் இடத்தில்தான் ஆட்சேபம். அந்தத் தோல்வியைப் பழைய மாதிரியே விட்டுவிடலாமே, புதியவர்கள் ஏமாந்துபோவார்கள் என்றார்கள். அரை மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு வாக்கெடுப்பு நடந்து, ஒரு வாக்கில் நான் வென்றேன். அந்தப் பருவத்துக்கான பதிவு இப்போது இப்படி இருக்கிறது: "வெளியூர் ஆட்டம், 0–1. பதினாறு பேர் தயார். ஓட்டுநருக்குக் காய்ச்சல்."